டெட்ரிஸுக்கு 58 மார்க்: என் அட்டவணையில் எங்கே தப்பு?

#1 கோவை_கீபோர்டு

வணக்கம் மக்களே. நானும் மூன்று நண்பர்களும் ஆடி முடித்த ஆட்டங்களுக்கெல்லாம் மார்க் போட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஆளாளுக்கு "செம்ம", "மொக்கை" என்று சொல்லிச் சண்டை வந்ததால், போன மாதம் உட்கார்ந்து ஒரு எக்செல் அட்டவணை போட்டேன். கிராஃபிக்ஸ் 20, கதை 20, ஆட்டமுறை 25, இசையும் ஒலியும் 10, தடங்கல் இல்லாமல் ஓடுவதற்கு 15, எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கு 10. மொத்தம் 100.

நேற்று சும்மா டெட்ரிஸை, மேலிருந்து விழுகிற வடிவங்களை இடைவெளி இல்லாமல் அடுக்குகிற அந்த ஆட்டத்தை, போட்டுப் பார்த்தேன். கிராஃபிக்ஸ் 2, கதை 0, ஆட்டமுறை 25, இசை 6, ஓட்டம் 15, நேரம் 10. கூட்டினால் 58. அதே அட்டவணையில், தள்ளுபடியில் வாங்கிய ஒரு துப்பாக்கி ஆட்டம் 74 எடுத்திருக்கிறது. அதன் ஹீரோ பெயர் என்ன என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஹேடிஸ் 77. அதில் ஓட்டத்துக்கு 4தான் போட்டேன். செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு (திரையில் மாறுகிற படங்களுக்கு) மேல் ஏறவே இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல், ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்து லேப்டாப்பில் ஆடி முடித்தேன். ரொம்பப் பிடித்த ஆட்டம்தான், ஆனால் அட்டவணை என்றால் அட்டவணை.

1984இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்நோவ் எழுதியது, இன்னும் உலகம் ஆடிக்கொண்டிருக்கிறது, அதற்குப் போய் 58. எங்கே தப்பு?

#2 தென்காசிச்_சாரல்

கதையே இல்லாத ஆட்டத்துக்குக் கதையில் 0 போட்டால் எப்படி? அந்த வரியைத் தூக்கிவிட்டு 80க்குக் கணக்குப் போடுங்கள்.

#3 கோவை_கீபோர்டு

போட்டாயிற்று. 80க்கு 58, அதாவது 72.5. துப்பாக்கி இன்னும் முன்னால்தான் நிற்கிறது.

#4 நள்ளிரவு_நாடோடி

வரியைத் தூக்கினால் சரியாகாது தம்பி. கூட்டல்தான் கோளாறு. ரசத்தில் முந்திரி இல்லை என்று மார்க் குறைக்கிற வேலை இது. பாயசத்தில் முந்திரி இல்லாவிட்டால் கேட்கலாம். ரசத்துக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

டெட்ரிஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் கேட்டால் நான் பார்ப்பது வேறு. இப்போது வருகிற பெரும்பாலான டெட்ரிஸ்களில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார்கள். பை காலியான பிறகுதான் அடுத்த பை. அதனால் அந்த நீளமான குச்சி எப்படியும் வந்தே தீரும். 1989இல் நிண்டெண்டோவின் என்.ஈ.எஸ் டிவி கேம் பெட்டிக்கு வந்ததில் இந்தப் பை கிடையாது. குச்சிக்காக ஒரு பக்கம் பள்ளம் விட்டுக் காத்திருப்பீர்கள், வரவே வராது, மேலே வரை கட்டி எழும்பிவிடும். ஒன்றில் திட்டம் போட்டு ஆடுகிறோம், இன்னொன்றில் அதிர்ஷ்டத்தோடு மல்லுக்கட்டுகிறோம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் அட்டவணையில் இந்த வித்தியாசத்துக்கு எந்தக் கட்டம்?

இன்னொன்றும் சொல்கிறேன், நான் வேலையில் மென்பொருள் சோதிக்கிறவன், இதெல்லாம் கண்ணில் படும். 2018இல் வந்த செலஸ்டே ஆடியிருக்கிறீர்களா? மலை ஏறுகிற ஆட்டம். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும், சில ஃபிரேம் நேரத்துக்குக் குதிக்கிற பட்டன் வேலை செய்யும். தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே பட்டனை அழுத்திவிட்டாலும், அதை ஞாபகம் வைத்திருந்து, கால் பட்டதும் குதிக்க வைக்கும். ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. "எவ்வளவு கச்சிதமாக ஆடினேன்" என்று நினைத்துக்கொள்வார். இந்தச் சலுகை இல்லாத ஆட்டத்தில் அதே ஆள் அதே நேரத்தில் அழுத்திப் பள்ளத்தில் விழுவார், "கண்ட்ரோல் சரியில்லை" என்பார். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் மார்க் போடுவதென்றால் அங்கேதான் முதலில் போடுவேன்.

#5 பழைய_கார்ட்ரிட்ஜ்

நாடோடி சொல்வது சரி. ஆனால் அதையும் ஒரு விதியாக வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் காலத்தில் டிவி கேம் பெட்டியில் "9999 ஆட்டம்" என்று போட்ட மஞ்சள் கார்ட்ரிட்ஜ் வரும். உள்ளே உருப்படியாக எண்ணினால் பத்துப் பன்னிரண்டு தேறும், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். எண்ணிக்கையை நம்பக் கூடாது என்று அப்போதே கற்றுக்கொண்டேன்.

விதி ஏன் கூடாது என்றால், 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியால் தூக்க முடியாத ஆட்டம் அது. பெரிய பூதம் எழுந்து நின்றால் படம் திக்கித் திக்கி நகரும், 20 ஃபிரேமுக்குக் கீழே போகும். குதிரை நாம் சொன்ன உடனே திரும்பாது. கோவையின் கணக்கில் ஓட்டத்துக்கு 2, ஆட்டமுறைக்குப் பத்துப் பன்னிரண்டு. ஆனால் பதினாறு பூதங்களில் ஒவ்வொன்றைக் கொன்றபோதும் ஜெயித்த சந்தோஷத்துக்குப் பதிலாக ஒரு குற்ற உணர்ச்சி வந்ததே, அதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது? அந்தக் குதிரைகூட வேண்டுமென்றே அப்படி வைத்தது. அதற்கென்று ஒரு புத்தி இருக்கிற மாதிரி நடந்துகொள்ளும். ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு அதுதான் உயிர்.

#6 சும்மா_இரு

எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி. எல்லா விமர்சன மார்க்கையும் சேத்து ஒரே எண்ணா காட்டற மெட்டாகிரிட்டிக் தளத்தைப் பாத்தோமா வாங்கினோமான்னு போக வேண்டியதுதானே.

#7 நள்ளிரவு_நாடோடி

@சும்மா_இரு, பார்க்கலாம், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும். ஒரு பத்திரிகை ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தால் அதை 80 ஆக்கும். எழுத்தில் கிரேடு கொடுத்தாலும் எண்ணாக்கும். எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடையும் கிடையாது, யாருக்கு எவ்வளவு எடை என்பதை வெளியே சொல்வதும் கிடையாது. அப்புறம் அந்த நிறங்கள். சினிமாவுக்கு 61 எடுத்தாலே பச்சை. வீடியோ கேமுக்கு 75 எடுத்தால்தான் பச்சை. அதே தளம்தான்! ஆட்ட விமர்சகர்கள் எல்லோரும் 70க்கு மேலேயே புழங்குகிறார்கள் என்று தளமே ஒத்துக்கொண்ட மாதிரிதான் இது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். இங்கே 70 என்பது "வேண்டாம்" என்பதற்கு மரியாதையான சொல்.

அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சம்பளம் வரை தீர்மானிக்கிறார்கள். 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ், ஆப்சிடியன் செய்தது, பெதஸ்டா வெளியிட்டது. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் ஆப்சிடியனுக்குப் போனஸ் என்று ஒப்பந்தம். 84 வந்தது. இதை ஆப்சிடியனின் கிறிஸ் அவெலோனே 2012இல் ட்விட்டரில் சொன்னார். அந்த ஆட்டம் வெளிவந்தபோது பூச்சி (மென்பொருள் பிழை) நிறைய, மார்க் குறைந்ததில் நியாயம் உண்டு. ஆனால் 84க்கும் 85க்கும் என்ன வித்தியாசம் என்று உலகத்தில் யாராவது விளக்கட்டும் பார்க்கலாம்.

#8 பழைய_கார்ட்ரிட்ஜ்

ஜப்பானில் ஃபமிட்சு என்ற கேம் பத்திரிகை இதை வேறு மாதிரி செய்யும். நான்கு பேர் தனித்தனியாக 10க்கு மார்க் போடுவார்கள், நான்கு மார்க்கும் அச்சில் வரும், கூட்டினால் 40. முதன்முதலில் 40க்கு 40 எடுத்தது 1998இல் வந்த ஸெல்டா: ஒகரினா ஆஃப் டைம். எனக்குப் பிடித்தது கூட்டுத்தொகை இல்லை. ஒருவர் 9 போட்ட இடத்தில் இன்னொருவர் 6 போட்டிருப்பதைப் பார்த்தாலே இது எல்லோருக்குமான ஆட்டம் இல்லை என்று புரிந்துவிடும். சராசரி எடுத்தால் அது செத்துப் போகும்.

அவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 2009இல் டீமன்ஸ் சோல்ஸுக்குக் கொடுத்தது 29. அதிலிருந்துதான் டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் என்று ஒரு வம்சமே கிளம்பியது.

கோவை, நீங்களும் நான்கு பேர்தானே? நான்கு பேர் மார்க்கையும் தனித்தனியாக விட்டுவிடுங்கள்.

#9 கோவை_கீபோர்டு

அட, இது தோன்றவே இல்லை. ஆனால் சண்டை வராமல் இருக்கத்தானே அட்டவணை போட்டோம்!

#10 பழைய_கார்ட்ரிட்ஜ்

சண்டை வரட்டும் தம்பி. சண்டையில்தான் விஷயம் இருக்கிறது.

#11 யாழ்ப்பாணத்தான்

நான் ஒரு விசயம் கேட்கிறன். நீங்கள் எல்லாரும் எந்த ஆட்டம் எண்டு கதைக்கிறியள், எந்த மெசினில் எண்டு ஒருத்தரும் கதைக்கவில்லை.

சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர் 10. வெளியீட்டுக்கு முதல் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும். 9, 10 எண்டு வந்த புள்ளிகள் எல்லாம் அதை வைத்துப் போட்டவை. சனம் பழைய பிளேஸ்டேஷன் 4இல் போட்டுப் பார்த்தால், தெருவில் ஆக்கள் இல்லை, முகம் களிமண் மாதிரி, நடுவில் ஆட்டமே நிண்டு போகுது. பிறகு மெட்டாகிரிட்டிக்கில் கணினிக்கு 86, பிளேஸ்டேஷன் 4க்கு 57. பெயர் ஒண்டு, வேலை செய்த ஆக்கள் ஒண்டு, வித்தியாசம் 29 புள்ளி! ஒரு கிழமைக்குப் பிறகு சோனி தன் இணையக் கடையில் இருந்து அதைத் தூக்கிவிட்டது, திரும்பி வந்தது 2021 ஜூனில்.

2023 செப்டம்பரில் 2.0 மேம்படுத்தல் வந்த பிறகு அது வேறு ஆட்டம். போலீஸ் துரத்துகிற முறை, திறன்களைக் கூட்டுகிற முறை எல்லாம் திரும்பக் கட்டினவை. 2020இல் போட்ட 86ஐ வைத்து இண்டைக்கு என்ன செய்யிறது? ஆகவே புள்ளிக்குப் பக்கத்தில் திகதி, பதிப்பு எண், எந்த மெசின் எண்ட மூண்டும் இல்லாவிட்டால் அந்தப் புள்ளியை நான் கணக்கெடுக்கிறதில்லை. மருந்துப் போத்தலில் திகதி பார்க்கிற மாதிரித்தான்.

#12 சர்க்கரைப்_பொங்கல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "எத்தனை மணி நேரம் தாங்கும்" என்ற அந்த 10 மார்க்கைப் பற்றி யாருமே பேசவில்லையே.

எனக்கு இரண்டு பிள்ளைகள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கிடைப்பது முக்கால் மணி நேரம். நூறு மணி நேர ஆட்டம் என்றால் எனக்கு அது மாதக்கணக்கு. "100 மணி நேரம் ஆடலாம்" என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். அந்த நூறில் எவ்வளவு நேரம் மூலிகை பறிக்கவும், ஒரே மாதிரி முகாம்களைக் காலி பண்ணவும் போகிறது என்று எந்த மார்க்கும் சொல்வதில்லை.

டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் வெண்பா என்று ஓர் ஆட்டம் கொண்டுவந்தார்கள். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு, அதில் அழிந்துபோன எழுத்துகள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கோவை அண்ணாவின் அட்டவணையில் நேரத்துக்கு 1 மார்க்கூடத் தேறாது. விமர்சனங்களிலும் "சின்னதாக இருக்கிறது" என்று பலர் எழுதினார்கள். 2024இல் அறிமுக ஆட்டத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது.

முதலில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். வீட்டில் இட்லி ஊற்றுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே இன்னொரு குழி வந்தால் மேல் தட்டு இட்லி கீழ் இட்லியில் இடிக்கும், ஆவியும் ஏறாது. கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். என் கை பட்டனைத் தேடுவதற்கு முன்பே திருப்பிவிட்டது. என் மகனுக்கு அது நிஜமாகவே புதிர். இரண்டு தடவை தப்பாக அடுக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆட்டமும் அதைப் பற்றித்தானே! அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் எவ்வளவு போடுவது? சமையல் சுலபமாக இருக்கிறது, தோற்கவே முடியாது என்று ஆட்டமுறையில் குறைத்துவிட்டுப் போகலாம். குறைத்தவர்கள் சொல்வதும் பொய் இல்லை. கதை ஓரிடத்தில் அவசரமாகப் பல வருடங்களைத் தாண்டுகிறது என்பது எனக்கும் உறுத்தியது. ஆனால் நேரத்துக்காகக் குறைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#13 பச்சை_எது_சிவப்பு_எது

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலிருந்தே அப்படித்தான். ஜோனதன் ப்ளோ செய்த தி விட்னஸ் (2016) எனக்கு உயிர். ஒரு தீவு, நூற்றுக்கணக்கான புதிர்ப் பலகைகள், ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லாமல் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும். அதில் ஒரு கண்ணாடிக்கூடப் பகுதி மட்டும் முழுக்க நிறத்தை வைத்தே ஓடும். என்னால் முடியவே முடியாது, நிறக்குறைபாட்டுக்கு அதில் தனி வசதியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பகுதியை முடித்தாலும் ஓர் ஒளிக்கற்றை கிடைக்கும், கடைசி மலையைத் திறக்க அந்த 11 ஒளிக்கற்றைகளில் 7 போதும். அதைத் தொடாமலேயே முடித்தேன்.

நீங்கள் யாரும் அந்தக் குறையைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள். நான் அந்த 7 என்ற எண்ணைக் கவனித்த மாதிரியும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

#14 கோவை_கீபோர்டு

படித்தேன், எனக்குத் தெரிந்து இந்த இரண்டு வரியும் எந்த விமர்சனத்திலும் வந்ததில்லை. நன்றி நண்பரே.

சரி, அப்போது மார்க்கே வேண்டாம் என்கிறீர்களா எல்லோரும்?

#15 நள்ளிரவு_நாடோடி

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். யூரோகேமர் தளம் 2015இல் எண்ணைத் தூக்கிவிட்டு, "கட்டாயம் ஆடுங்கள்", "பரிந்துரைக்கிறோம்", "தவிர்க்கவும்" என்ற மாதிரி முத்திரை மட்டும் குத்தினார்கள். 2023இல் ஐந்து நட்சத்திரம் திரும்ப வந்துவிட்டது. படிக்கிறவர்கள் முதலில் கீழே போய் எண்ணைத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

என் கணக்கு வேறு. எண் இருக்கட்டும், ஆனால் கூட்டி வரக் கூடாது. முழுசாக ஆடி முடித்து, ஒரு வாரம் விட்டு, மனதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து ஒரே எண்ணாகப் போடுங்கள். அப்புறம் அதற்கு ஏன் என்று எழுதுங்கள். அட்டவணையை அந்த "ஏன்" எழுதுவதற்கு ஞாபகக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். ஹீரோ பெயர் மறந்துபோன துப்பாக்கி ஆட்டம் அந்த ஒரு வாரத்திலேயே கழன்றுவிடும்.

#16 சும்மா_இரு

கேம் விக்கற ஸ்டீம் கடையில, வாங்கினவங்க விமர்சனத்துல 95% இருக்கற கேம், மெட்டாகிரிட்டிக்ல 78 எடுக்குது. யாரு பொய் சொல்றா?

#17 தென்காசிச்_சாரல்

யாரும் பொய் சொல்லவில்லை. ஸ்டீமில் கட்டைவிரல் மேலே, கீழே, அவ்வளவுதான். 95% என்றால் 100 பேரில் 95 பேர் "வாங்கலாம்" என்றார்கள் என்று அர்த்தம். 95 பேரும் மனதுக்குள் 7 மார்க் போட்டிருந்தாலும் அங்கே 95%தான். அதுவும் காசு கொடுத்து, தனக்குப் பிடிக்கும் என்று நினைத்து வாங்கினவர்களின் கூட்டம் அது. சிலம்பம் பிடித்தவர்களிடம் மட்டும் சிலம்பம் பிடிக்குமா என்று கேட்ட மாதிரி.

ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மேலே எத்தனை மணி நேரம் ஆடினார் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். நான் எப்போதும் முதலில் படிப்பது, நூறு இருநூறு மணி நேரம் ஆடிவிட்டுக் கட்டைவிரலைக் கீழே காட்டியவர்களைத்தான். அவர்களுக்குத்தான் ஆட்டத்தின் உள்ளும் புறமும் தெரியும்.

அப்புறம் கும்பலாக வந்து கீழே தள்ளுகிற வேலை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2க்கு ஒரே வாரக்கடைசியில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர் விமர்சனம் விழுந்தது. ஆட்டம் கெட்டுப்போகவில்லை. கணினியில் ஆடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு இணைக்க வேண்டும் என்று சோனி சொன்னதற்கு வந்த கோபம். பிளேஸ்டேஷன் கணக்கே தொடங்க முடியாத நாடுகள் நிறைய இருந்தன. சோனி பின்வாங்கியது. அதை நான் விமர்சனம் என்று சொல்ல மாட்டேன், போராட்டம் என்பேன். ஆனால் காரணம் நியாயமானது. 2020இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2 வந்த அன்றே, யாரும் முடித்திருக்கவே முடியாத நேரத்தில், மெட்டாகிரிட்டிக்கில் 0 மார்க்காகக் கொட்டினார்களே, அதை இதோடு சேர்க்க மாட்டேன். அதற்கப்புறம்தான், ஆட்டம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் வாசகர் மார்க் போடலாம் என்று விதியை மாற்றினார்கள்.

#18 யாழ்ப்பாணத்தான்

ஓம், அந்த 36 மணித்தியாலத்தில் எங்கட இணைப்புக்கு டவுன்லோடே முடியாது.

#19 கோவை_கீபோர்டு

சரி, முயற்சி பண்ணிப் பார்க்கிறேன். மொத்தம் என்ற கட்டத்தை அழித்துவிட்டேன். நண்பர்களுக்கும் சொல்லிவிட்டேன், நான்கு பேர் எண்ணும் தனித்தனியாக இருக்கும். முதலில் ஹேடிஸ். எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்:

"ஹேடிஸ். நான் ஆடியது லேப்டாப், சுமார் 45 மணி நேரம். செத்துப்போனால் மற்ற ஆட்டங்களில் எரிச்சல் வரும், இதில் செத்தால் வீட்டுக்குத் திரும்புவோம், அங்கே யாராவது புதிதாக ஏதோ சொல்வதற்குக் காத்திருப்பார்கள். மூன்றாவது நாள் ஒரு தடவை, கதை கேட்பதற்காகவே சீக்கிரம் செத்தால் தேவலை என்று தோன்றியது. கை வேகம் இல்லாதவர்களுக்கு 'காட் மோட்' இருக்கிறது. முதலில் 20 சதவீதம் அடி குறையும், ஒவ்வொரு தடவை செத்தாலும் இன்னும் 2 சதவீதம். வெட்கப்பட வைக்காத சலுகை, என் தங்கை அதில்தான் முடித்தாள். குறை: நான்கு இடங்கள்தான், இருபதாவது தடவை அதே அறைகள் அலுக்கும். பெரிய குறை: கூட்டமாக எதிரிகள் வரும்போது தப்பித்துப் பாய்வது கைக்கு அரை நொடி பின்னால் வருகிற மாதிரி இருக்கிறது. 30 ஃபிரேமில் பூட்டியது போல நிற்கிறது. 10க்கு 8. ஓட்டம் சரியாக இருந்திருந்தால் 9 போட்டிருப்பேன்."

#20 சர்க்கரைப்_பொங்கல்

சீக்கிரம் செத்தால் தேவலை என்ற வரிக்கே நான் வாங்கிவிடுவேன் அண்ணா.

#21 நள்ளிரவு_நாடோடி

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். ஹேடிஸ் ரொம்ப லேசான ஆட்டம், பழைய லேப்டாப்பிலேயே பறக்கும். "செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும்" 30 என்கிறீர்கள். மெசினுக்குத் தெம்பு இல்லையென்றால் 34, 27, 41 என்று ஆடிக்கொண்டே இருக்கும். நெட்டாக 30இல் நிற்கிறது என்றால் யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

மொட்டை மாடியில் ஆடும்போது சார்ஜர் மாட்டியிருந்தீர்களா?

#22 கோவை_கீபோர்டு

இல்லை. சார்ஜர் கீழே ஹாலில் இருக்கும். முழு சார்ஜ் போட்டுக்கொண்டு மேலே போவேன். ஏன்?

#23 நள்ளிரவு_நாடோடி

பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு மென்பொருளே 30க்குப் பூட்டிவிடும், சார்ஜ் மிச்சம் பிடிக்க. பல கேமிங் லேப்டாப்களில் வாங்கும்போதே அப்படித்தான் வைத்திருப்பார்கள். சார்ஜரை மாட்டிவிட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

#24 பழைய_கார்ட்ரிட்ஜ்

😂

#25 கோவை_கீபோர்டு

60. அசையாமல் நிற்கிறது. 45 மணி நேரம் இதை இப்படியா ஆடினேன்?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாடி வரை எட்டவில்லை. புழுக்கத்தோடு ஹாலிலேயே உட்கார்ந்து திரும்ப முதலிலிருந்து ஆடுகிறேன். #19ஐ யாரும் எங்கேயும் பகிர வேண்டாம், முடித்துவிட்டு ஒரு வாரம் கழித்து மாற்றி எழுதுகிறேன்.